ஓடாவியார் பதில்கள்: அலுமாரிக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்?

போன மாதம் கதவு, யன்னல் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் அலுமாரிக் கேள்விகள். மாரி தொடங்கப் போகிறது அல்லவா, அலுமாரிக் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த மணம் இனி வீட்டுக்கு வீடு வரும். ஆகவே இந்த மாதம் அலுமாரி, தட்டு, பெட்டி, பரண் மட்டும்தான். கூரை ஒழுகுகிறது என்று எழுதிய அளவெட்டி ஐயா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் படுக்கையறை 10 அடிக்கு 11 அடி. 10 அடிச் சுவர் முழுவதையும் பிடித்து, நிலத்திலிருந்து சீலிங் வரை அலுமாரி அடிக்க நினைக்கிறோம். சுவருக்கு மறுபக்கம் குளியலறை. கணவர் ஸ்லைடிங் கதவுதான் வேண்டும் என்கிறார். எத்தனை தட்டு, எத்தனை லாச்சி போடலாம்?
வாசகி, கொக்குவில்

தங்கச்சி, தட்டுக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் இப்போது வைத்திருக்கும் அலுமாரியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டுங்கள். நாலு குவியலாகப் பிரியுங்கள். தொங்க வேண்டியது, மடிக்க வேண்டியது, வருடத்தில் ஒருதரம் எடுப்பது, யாருடையது என்றே தெரியாதது. எங்கள் ஊரில் இந்த நாலாவது குவியல்தான் பெரிது. லண்டனிலிருந்து வந்த மச்சாள் பெட்டி நிறை கூடிவிட்டது என்று விட்டுப்போன குளிர் யக்கற் அதில் கட்டாயம் இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் அதை யார் போடுவது? எறியவும் மனம் வராது. அந்தக் குவியலைக் குறைக்காமல் ஓடாவியிடம் போனால், அவர் அடித்துத் தரும் அலுமாரியில் ஒரு பங்கு அந்த யக்கற் குடியிருக்கவே சரி. பலகைக்குக் காசு கொடுப்பவர் நீங்கள்.

இனி அளவு. ஒரு ஹங்கரின் அகலம் 17, 18 அங்குலம் வரும். அதில் ஒரு சேட்டைக் கொழுவினால் தோள் இரண்டு பக்கமும் தள்ளும். அதனால் உடுப்புத் தொங்கும் பகுதிக்கு உள்ளே 22 அங்குல ஆழம் வேண்டும், வெளியளவு 24. ஸ்லைடிங் கதவென்றால் இரண்டு தண்டவாளத்துக்கு இன்னும் மூன்று நாலு அங்குலம் போகும். அதைவிட, ஒரு நேரத்தில் பாதி அலுமாரிதான் திறக்கும். காலையில் நீங்கள் ஒரு பக்கம் சாறி தேட, அவர் மறுபக்கம் களிசான் தேட, கதவு இங்கும் அங்கும் ஓடும். உங்கள் அறையில் 24 அங்குலம் போக 9 அடி மிஞ்சுகிறது. கட்டிலை எந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கதவு. நான் செய்வது இது: அலுமாரியின் வெளியளவைச் சோக்கால் நிலத்தில் கீறுவேன். கதவின் அகலத்துக்கு ஒரு பேப்பரை மடித்து, கதவு திறந்து நிற்கும் இடத்தில் போடுவேன். கட்டிலின் அளவையும் கீறி, வீட்டுக்கார அம்மாவை அந்த இடைவெளியில் குனிந்து கீழ்த்தட்டில் எதையோ எடுப்பதுபோல் செய்யச் சொல்வேன். பின்பக்கம் கட்டில் கோட்டுக்குள் போனால் ஸ்லைடிங். போகாவிட்டால் பிணைச்சல் போட்ட சாதாரணக் கதவே நல்லது, 18 அங்குலத்துக்கு மேற்படாத இலைகளாக. இந்தப் பரீட்சைக்குப் பிறகு புருஷன் பெண்சாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

சேட், பிளவுஸ், மடித்துக் கொழுவிய சாறி இவற்றுக்குத் தடியிலிருந்து கீழே 40 அங்குலம் போதும். ஆகவே ஒரே பகுதியில் மேலே ஒரு தடி, கீழே ஒரு தடி என்று இரண்டு போடலாம். நீளச் சட்டைகளுக்கு 60 அங்குலம் வேண்டும், அது ஓர் இரண்டடி அகலம் இருந்தால் சரி. மடித்து வைக்கும் தட்டுக்கு 14 அங்குல ஆழம் போதும். 24 அங்குல ஆழத்தில் தட்டடித்தால் பின்வரிசையில் வைத்ததை அடுத்த பொங்கலுக்கு வீடு கழுவும்போதுதான் காண்பீர்கள். ஆழத்தைத் தவிர்க்க முடியாதென்றால் இடுப்புக்குக் கீழே உள்ளதை எல்லாம் இழுக்கும் லாச்சியாக்குங்கள். நெஞ்சுக்கு மேலே லாச்சி வேண்டாம், உள்ளே கிடப்பது தெரியாது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் 10 முதல் 12 அங்குலம். இடைவெளி கூடினால் அடுக்கும் உயரும், கீழிருந்து ஒரு துவாயை இழுத்தால் முழுவதும் சரியும். முக்கால் அங்குலப் பிளைவூட் என்றாலும் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாலைந்து வருடத்தில் தட்டு தொட்டில்போல வளையும்.

சீலிங் வரை கேட்டீர்கள். ஏழு அடிக்கு மேலே உள்ள பகுதி சூட்கேசுக்குத்தான். பெரிய சூட்கேசைப் படுக்க வைத்து அளந்துவிட்டு அந்தத் தட்டின் உயரத்தைச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம் குறைந்ததால் சூட்கேஸ் ஏறாமல், அலுமாரிக்குப் பக்கத்திலேயே நிலத்தில் நிற்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாகக் குளியலறைச் சுவர். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நானே பிழை விட்டவன். என் தங்கச்சியின் உரும்பிராய் வீட்டில் இதே மாதிரிச் சுவரில் அலுமாரி அடித்தேன். வேலை சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சுவரோடு ஒட்டி, ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பீடிங் என்ற மெல்லிய மரச்சட்டம் வைத்து மூடினேன். எல்லாரும் மெச்சினார்கள். மார்கழியில் தங்கச்சி தன் கூறைச்சீலையை எடுத்தாள். மடிப்பின் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம், சரிகையில் பச்சையாக ஒரு படலம். பின்பலகையைக் கழற்றினால் சுவர் வியர்த்துக்கிடந்தது. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை, அத்தான்தான் "பீடிங் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார்.

ஆகவே முடிந்தால் வேறு சுவரைப் பிடியுங்கள். முடியாதென்றால் சுவருக்கும் பின்பலகைக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள். கீழே பாதப் பலகையிலும் மேலே நெற்றிப் பலகையிலும் துளை விடச் சொல்லுங்கள், கீழால் புகும் காற்று மேலால் வெளியேறட்டும். ஒன்றிரண்டு கதவையாவது பழைய யன்னல்களில் இருந்ததுபோல் சட்டங்களைச் சாய்த்து அடித்த கதவாகப் போட்டால் இன்னும் நல்லது. முழு அலுமாரியும் நிலத்திலிருந்து நாலு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். எங்கள் வீடுகளை நாங்கள் துடைப்பதில்லை, வாளியால் ஊற்றிக் கழுவுகிறோம்.

பன்ரி கபேட் அடித்து மூன்று வருடம்தான். சிங்குக்குக் கீழே பலகை ஊதிவிட்டது. பக்கத்துத் தட்டில் காஸ் சிலிண்டரை வைத்துக் கதவால் மூடலாமா? வெளியே நின்றால் வடிவில்லை.
வாசகி, பருத்தித்துறை

ஊதியது எம்.டி.எஃப். பலகையாக இருக்கும். அது மரநாரைப் பசையோடு அமுக்கிச் செய்தது. தண்ணீர் குடித்தால் புட்டுமாதிரிப் பொருமும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் அடிப்பலகையே இல்லாமல் விடுங்கள். நிலத்தில் மாபிள் இருக்கிறதுதானே, அதுவே தட்டு. குழாய்ப் பொருத்து கசிந்தாலும் உடனே கண்ணில் படும்.

சிலிண்டரை மூட வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு படிந்து நிற்கும், கபேட்டுக்குள் என்றால் அங்கேயே தேங்கும். 12.5 கிலோ சிலிண்டரைக் குசினிச் சுவருக்கு வெளியே, நிழலில், ஒரு சின்னக் கூரைக்குக் கீழே வைத்துக் குழாயைச் சுவரால் எடுப்பது நல்லது. உள்ளேதான் என்றால் கதவில்லாத தட்டு. வடிவு போனால் போகட்டும், அம்மா.

என் பட்டுச் சாறிகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நப்தலீன் உருண்டையும் வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் கறை விழுகிறது. மகளின் முதல் பிள்ளை பிறக்கப் போகிறது, அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட உடுப்புகளும் அதே அலுமாரியில்தான் இருக்கின்றன.
வாசகி, சாவகச்சேரி

சாறி விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

பொலித்தீன் பையைக் கழற்றி எறியுங்கள். பட்டின் ஈரம் வெளியே போக வழியில்லாததால்தான் கறை. பழைய வெள்ளை வேட்டியை நன்றாகத் தோய்த்து, கஞ்சி போடாமல் உலர்த்தி, அதில் சுற்றி வையுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே இறும். இதற்கு ஏற்ற நாள் மாசி, பங்குனியில் ஈரம் வற்றிய ஒரு நாள். மாரியில் வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்துத்தான் மடிப்பீர்கள். உருண்டை வைக்கத்தான் வேண்டுமென்றால் துணியில் முடிந்து அலுமாரியின் மேல்மூலையில் தொங்க விடுங்கள், பட்டில் படக் கூடாது.

குழந்தை உடுப்பு விஷயத்தில் மட்டும் அவர் குரலை உயர்த்தினார். நப்தலீன் பட்ட உடுப்பைப் பிறந்த பிள்ளைக்குப் போட வேண்டாம். ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நப்தலீன் பட்டால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பார்த்தால் தெரியாது. பழைய உடுப்பை ஞாபகத்துக்கு ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைக்குப் புதிதாக நாலு சட்டை தையுங்கள். உருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி வைக்கலாம், மாதத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். ஈர இலையை வைத்தால் அதுவே பூஞ்சணம் பிடிக்கும்.

அப்பப்பா காலத்து முதிரை அலுமாரி ஒன்று இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. பின்காலில் கறையான். விற்றுவிட்டு இலேசான அலுமாரி வாங்கச் சொல்லிப் பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். சீலை வைக்கும் றங்குப்பெட்டியும் உண்டு, அது துருப்பிடித்துவிட்டது.
வாசகர், வட்டுக்கோட்டை

ஐயா, ஆளை அனுப்பமுதல் ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்துங்கள். கால் ஓரத்தில் மண்ணால் கட்டிய, பென்சில் தடிப்பில் ஒரு குழாய் ஏறியிருந்தால் கறையான். மண் இல்லாமல் சின்ன வட்டத் துளைகளும், கீழே கோதுமை மாபோல் தூளும் இருந்தால் அது உளு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கறையான் அலுமாரியில் குடியிருப்பதில்லை, நிலத்துக்குள் இருந்து தினமும் வந்து போகிறது. வழியை வெட்டினால் மேலே உள்ளது காய்ந்து சாகும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை புகும் அளவு தள்ளுங்கள், காலுக்குக் கீழே கருங்கல் துண்டு வையுங்கள். குழாய் திரும்ப ஏறினால் கண்ணில் படும். சுவர் வெடிப்பையும் சீமெந்து வைத்து அடையுங்கள். கழிவு எஞ்சின் ஒயிலைப் பூசச் சொல்லி யாராவது சொல்வார்கள். வேலிக் கதியாலுக்குச் சரி, உடுப்பு வைக்கும் அலுமாரிக்கு அந்த மணம் ஏழேழு பிறப்புக்கும் போகாது.

பிறகு சுட்டுவிரலை மடித்துக் காலைத் தட்டிப் பாருங்கள். கீழிருந்து மேலே, ஒவ்வொரு அங்குலமாக. முதிரை நல்ல நிலையில் இருந்தால் கல்லில் தட்டினதுபோல் இறுகிய சத்தம் வரும், தின்ற இடத்தில் தேங்காய்ச் சிரட்டைச் சத்தம். சத்தம் மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டி, புதுத்துண்டு வைத்துக் கழுந்து (துளைக்குள் இறங்கும் முனை) போட்டுப் பொருத்திவிடலாம். ஒரு நாள் வேலை. அசைக்க முடியாதென்று சொல்கிறீர்கள், இந்தப் பழைய அலுமாரிகளில் பலதுக்கு மேல் மகுடம் தனியாகக் கழலும், கதவும் தட்டும் கழலும். அவற்றை எடுத்துவிட்டால் நாலு பேருக்குத் தூக்கலாம்.

விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்களும் எல்லாரையும்போல் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அப்பா சைக்கிளில் உடுப்புப் பெட்டியைக் கட்டவில்லை, உளிப்பெட்டியைக் கட்டினார். அம்மாவுக்கு அதில் பெரிய கோபம். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, யன்னல் இல்லை. அறைக்குள் அம்மாவின் சீதன அலுமாரி மட்டும் இரண்டு கதவும் இல்லாமல், உள்ளே மழைத் தண்ணீர் நின்ற கோடு தெரிய நின்றது. பாரத்தால்தான் யாரும் கொண்டுபோகவில்லை. அந்த நேரம் முதிரைக்கு எங்கே போவது? வளவில் விழுந்து கிடந்த வேம்பை வாளால் அரிந்து அப்பா கதவு போட்டார். இன்றைக்கும் உடம்பு தேன் நிறம், கதவு செங்கபிலம். பொலிஷ் போட்டு ஒரே நிறமாக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன், அம்மா விடவில்லை.

பேரப்பிள்ளைகள் உள்ள வீடு என்றால் எந்த அலுமாரியையும் மேலே ஒரு இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். பிள்ளை லாச்சிகளை இழுத்து ஏணியாக ஏறினால் அலுமாரி முன்னால் சாயும். பிள்ளைகள் வாங்கச் சொல்லும் அந்த இலேசான அலுமாரிதான் இதில் கூடப் பயம்.

றங்குப்பெட்டியின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுக்கும் பெயின்ற் இரண்டு தரம் அடித்து, உள்ளே துணி விரித்தால் பெட்ஷீற்றும் மெத்தை விரிப்பும் வைக்கலாம். சீலை வேண்டாம்.

காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் சேர்ட்டிபிக்கேற் எல்லாவற்றையும் லமினேட் செய்து அலுமாரியின் அடித்தட்டில் வைக்கப் போகிறேன். சரிதானே?
வாசகர், நல்லூர்

இரண்டும் பிழை. லமினேட் செய்த பத்திரத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. முத்திரையையும் கையெழுத்தையும் தடவிப் பார்க்க வேண்டிய இடத்தில் அது சிக்கல். பிரதியை வேண்டுமானால் லமினேட் செய்யுங்கள். மூலப் பத்திரங்களில் குத்தியிருக்கும் குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள், துரு காகிதத்தைத் தின்னும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறைக்கு மேல் என்ன என்று எழுதி, எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் வையுங்கள்.

அந்தப் பை அடித்தட்டில் வேண்டாம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழைக்கு எத்தனை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நெஞ்சுயரத் தட்டில், கதவைத் திறந்ததும் கைபடும் இடத்தில் இருக்கட்டும். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா உறுதிப் பையைத் தலையணைக்குக் கீழேதான் வைத்திருந்தார். இப்போது அப்படித் தேவையில்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். உறுதி நனைந்துவிட்டாலும் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம், பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகம். அலைச்சல்தான் பெரிது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்காகத் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கிறேன். 8 அடிக்கு 9 அடி. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்கார அம்மா விடமாட்டா. அலுமாரிக்குக் காசும் இல்லை, இடமும் இல்லை.
மாணவர், முல்லைத்தீவு

தம்பி, கட்டிலுக்குக் கீழே எவ்வளவு உயரம் என்று அளந்தீரா? நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு சீமெந்துக் கல் வைத்தால் இன்னும் எட்டு அங்குலம் கிடைக்கும். கல் அரங்காமல் கால் நடுவில் இருக்க வேண்டும், முதல் இரவு மெதுவாகப் படும். அங்கே இரண்டு பெரிய பனையோலைக் கடகம் வாங்கித் தள்ளும், ஒன்றில் உடுப்பு, ஒன்றில் ஊரிலிருந்து அம்மா அனுப்பும் சாமான். பிளாஸ்டிக் பெட்டியைவிட மலிவு, ஓலை ஈரத்தையும் பிடித்து வைக்காது. ஊத்தை உடுப்பை அதற்குள் போடாதேயும். சேட், களிசானுக்குக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொழுக்கி விற்கிறார்கள், ஆணி தேவையில்லை. புத்தகத்துக்கு இரண்டு சோடாப் பெட்டியை ஒன்றின்மேல் ஒன்று நிமிர்த்தி வைத்து இடையில் கயிற்றால் கட்டும். கற்களை மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு எடும். படிப்பு முடிந்து அறையை விடும் நாளில் எல்லாம் ஒரு ஓட்டோவில் ஏறிவிடும்.